ஏலமலையின் விருந்து மேசை: ராசிங்காபுரம் அடிவாரத்திலிருந்து ஒரு வரலாறு

ஊரைவிட்டு விலகி, மலைச்சரிவிலோ ஏரிக்கரையிலோ அமைந்து, உணவோடு காட்சியையும் சேர்த்து விலைக்கு வைக்கும் உயர்தர உணவகம் என்பது உலக அளவில் பார்த்தாலும் மிகப் பழைய வழக்கன்று. பாரிஸ் நகரில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் தோன்றிய ரெஸ்டாரண்ட், அதாவது வருகிறவர் தனி மேசையில் அமர்ந்து, பட்டியலில் வேண்டியதைத் தேர்ந்து, அதற்குரிய விலையைக் கொடுத்து உண்ணும் கடை, நெடுங்காலம் நகரத்துச் சரக்காகவே இருந்தது. அதை நாட்டுப்புறத்துக்கு இழுத்துச் சென்றது மோட்டார் கார். மிச்செலின் என்னும் பிரெஞ்சு டயர் நிறுவனம் கார் வைத்திருப்போருக்காக 1900இல் வெளியிட்ட கையேடு, 1926இல் நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரக் குறி இடத் தொடங்கி, சில ஆண்டுகளில் அதை மூன்று நட்சத்திரம்வரை விரித்து, ஒரு வேளைச் சாப்பாட்டுக்காகவே பயணம் புறப்படலாம் என்ற எண்ணத்தை வசதியுள்ளோரிடம் பரப்பியது. வண்டி ஓட ஓட டயர் தேயும் என்ற வணிகக் கணக்கும் அதற்குள் இருந்தது. லியோன் நகருக்கு வெளியே, லூயேர் கணவாயில், மின்சாரமும் எரிவாயுவும் எட்டாத எளிய கட்டடத்தில் எழேனி பிராசியே என்ற பெண்மணி நடத்திய உணவகம் 1933இல் மூன்று நட்சத்திரம் பெற்றது இவ்வழக்கின் தொடக்கக்காலச் சான்றுகளுள் ஒன்று.

இத்தகைய உணவகங்களின் வரலாற்றை எழுதுவோர் சமையல் வல்லாரின் கைத்திறனையும் மேசையின் ஒழுங்கையும் விரிவாக எழுதுவர். அரிசியும் ஆடும் அந்த மேசைவரை எப்படி வந்து சேர்ந்தன என்பது பெரும்பாலும் அடிக்குறிப்பாக ஒதுங்கிவிடும். போடிநாயக்கனூரை ஒட்டிய ஏலமலைச் சரிவுகளைப் பொறுத்தவரை அந்த அடிக்குறிப்பைத்தான் முதலில் படிக்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் இங்கே விருந்து மேசை மலைமேல் இருந்தது, அதற்கான குதிர் அடிவாரத்தில் இருந்தது, இரண்டுக்கும் நடுவே மூவாயிரம் நாலாயிரம் அடி ஏற்றம் இருந்தது.

ராசிங்காபுரம் அந்த அடிவாரத்து ஊர்களில் ஒன்று. தேனி மாவட்டத்தில், போடி ஒன்றியத்தில், தேவாரம் பக்கமாக நீளும் நிலப்பரப்பில் அமைந்த அச்சிற்றூரின் பெயர் எந்த உயர்தர உணவகத்தின் வரலாற்றிலும் இடம்பெறுவதில்லை. ஆயினும் அவ்வூரிலிருந்து மேற்கே பார்த்தால் வானத்தின் கீழ்ப்பாதியை மறைத்து நிற்கும் மலைத்தொடருக்கு அப்பால்தான் ஏலத்தோட்டங்களும், தேயிலைத் தோட்டத் துரைமாரின் பங்களாக்களும், இன்றைய சொகுசு விடுதிகளும் பரந்து கிடக்கின்றன. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதி மலையின் மறுபுறத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுவதால், இப்பகுதி மழைமறைவு நிலம், அதாவது மேகத்தைக் கண்டும் மழையைப் போதுமான அளவு காணாத நிலம். மேலே நிழலும் ஈரமும் வேண்டி நிற்கும் ஏலச்செடி. கீழே சோளமும் கம்பும் நிலக்கடலையும் தாங்கும் புன்செய். மேலே விளைவதை உண்டு பசியாற முடியாது; கீழே விளைவது மேலே விளையாது. இந்த ஒரு பொருத்தமின்மையிலிருந்துதான் இரு பக்கத்துக்கும் இடையிலான ஏற்ற இறக்க வணிகம் முழுவதும் கிளைத்தது.

மலையைக் கடக்கும் வழிகளை இப்பகுதியினர் மெட்டு என்பர். கணவாய்க்கு இங்கு வழங்கும் பெயர் அது. போடிக்கு மேலே போடிமெட்டு, தேவாரத்துக்கு மேலே சாக்கலூத்துமெட்டு, இன்னும் தெற்கே ராமக்கல்மெட்டு, கம்பமெட்டு என வரிசையாக அமைந்த இவ்வழிகளில் சாலை வருவதற்கு முன் பொதிமாடும் கழுதையும் தலைச்சுமையாளும் ஏறி இறங்கினர். பொதிமாடு என்பது வண்டியில் பூட்டப்படாமல், முதுகின் இருபுறமும் சாக்குப் பொதி தொங்க, ஒற்றையடிப்பாதையில் ஏறப் பழக்கப்பட்ட மாடு. ஏறும்போது அரிசி, உப்பு, கருவாடு, புகையிலை, துணி; இறங்கும்போது ஏலம், மிளகு, தேன். மலையில் அடுப்பு எரிய வேண்டுமானால் அன்று காலை அடிவாரத்தில் யாரோ ஒருவர் பொதியைக் கட்டியிருக்க வேண்டும்.

அடிவாரத்தின் தனி விருந்து மரபு இவற்றுக்கெல்லாம் முந்தியது. மதுரை நாயக்கர் ஆட்சியில் வகுக்கப்பட்ட 72 பாளையங்களுள் போடிநாயக்கனூரும் ஒன்று. படையளித்து வரி செலுத்தும் கடப்பாட்டோடு ஒரு தலைவரிடம் ஒப்படைக்கப்பட்ட ஆட்சிப் பகுதியே பாளையம். கும்பினியார், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியார், காலத்தில் அது ஜமீனாகி, 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை நிலவியது. அரண்மனை விருந்தாயினும் ஊர்த்திருவிழாச் சோறாயினும் இங்கே உயர்வும் தாழ்வும் விலையால் அளக்கப்படவில்லை. எந்தப் பந்தியில் யார் உட்கார்ந்தார், யாருக்குத் தலைவாழை இலை விழுந்தது, யார் பந்தி முடியும்வரை வெளியே நின்றார் என்பதால் அளக்கப்பட்டது. வழிப்போக்கருக்குச் சத்திரம் இருந்தது. சமைத்த உணவை விற்கும் கடை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று எனினும், வெளியூரில் காசு கொடுத்துச் சாப்பிடுவதைக் குறையாகக் கருதி, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு புறப்படும் பழக்கம் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதிவரை நடுத்தரக் குடும்பங்களில் நீடித்தது. பணம் உள்ள எவரும் வந்து அமரலாம், பணம் இல்லாதவர் எவரும் அமர முடியாது என்னும் மேசை, ஒரு வகையில் பந்தியைவிடத் தாராளமானது, இன்னொரு வகையில் அதைவிடக் கொடியது. இவ்விரண்டில் எது மேல் என்று அடிவாரம் இன்னும் முடிவு செய்ததாகத் தெரியவில்லை.

மலைமேல் மேசையைக் கொண்டுவந்தவர்கள் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள். திருவிதாங்கூர் அரசின் ஏலமலைக் கண்காணிப்பாளராக இருந்த ஜான் டேனியல் மன்றோ, பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைப்பகுதியை 1877இல் குத்தகைக்குப் பெற்றார். பாண்டிய மரபில் வந்தவர்கள் என்று தம்மைக் கூறிக்கொண்ட அக்குடும்பத்தின் மலை, மதுரைச் சீமைக்குப் பக்கத்திலேயே இருந்தும், இவ்வாறு மதுரையைக் கடந்து லண்டன் சந்தையோடு முடிச்சிடப்பட்டது. சின்கோனா, காப்பி எனப் பலவும் நட்டுப் பார்த்தபின் தேயிலை நிலைபெற்றது. கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் 1897இல் உருவாயிற்று. தோட்டத்தில் வேலை செய்ய மதுரை, திருநெல்வேலிப் பக்கத்துத் தமிழர்களைக் கங்காணிமார், அதாவது முன்பணம் கொடுத்து ஆள் திரட்டி மேய்க்கும் இடைத்தரகர், அழைத்துச் சென்றனர். துரையின் மேசைக்கும் கூலியாளின் சட்டிக்கும் வேண்டிய அரிசி ஒரே பாதையில்தான் ஏறிற்று.

தோட்டப் பங்களாவின் சமையற்கூடம் பங்களாவோடு ஒட்டியிராது. பின்புறம் சற்றுத் தள்ளி, புகையும் மணமும் முன்னறைக்கு வராதபடி கட்டப்பட்டிருக்கும். போர்த்துகீசியச் சொல்லான கொசீன்யாவிலிருந்து வந்த குசினி என்ற பெயரே அதற்கு வழங்கிற்று. குசினிக்காரர் சமைப்பார்; பட்லர் பரிமாறுவார், சரக்கறைச் சாவி வைத்திருப்பார், துரைசானியிடம் கணக்குச் சொல்வார்; மேட்டி என்னும் கையாள் தட்டு கழுவி, கத்தியும் முள்கரண்டியும் தேய்த்து வைப்பார். இவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவராயினும் பத்து இருபது ஐரோப்பியப் பலகாரங்களின் செய்முறையைச் செவிவழியாகவே மனத்தில் வைத்திருந்தனர். இவர்கள் பேசிய ஆங்கிலம் பட்லர் இங்கிலீஷ் என்று கேலிக்குள்ளாயிற்று. ஆனால் இரு மொழிகளுக்கு நடுவே ஒரு முழு விருந்தை நாள் தவறாமல் நடத்திக்காட்டியவர்கள் அவர்களே என்பதைக் கேலி செய்தவர்கள் எழுதி வைக்கவில்லை.

சென்னை மாகாணத்து ஆங்கிலேயர் எப்படி உண்டனர், எப்படி உண்ண விரும்பினர் என்பதற்கு 1878இல் வெளிவந்த ஒரு சமையல் நூல் நல்ல சாட்சி. வைவெர்ன் என்ற புனைபெயரில் அதை எழுதியவர் ஆர்தர் ராபர்ட் கென்னி ஹெர்பர்ட் என்னும் படை அதிகாரி. மேசையில் பத்துப் பதினைந்து பாத்திரங்களைக் குவித்து விருந்தினரைத் திணறடித்த பழைய கும்பினிக் காலத்து விருந்தை விடுத்து, எண்ணிக்கையில் குறைந்த, ஒன்றன்பின் ஒன்றாக வரும், நுட்பமாகச் சமைத்த பதார்த்தங்களைப் பரிமாற வேண்டும் என்பது அவருடைய வாதம். ரஷ்ய முறை என்று ஐரோப்பாவில் அழைக்கப்பட்ட அந்தப் பரிமாறல்தான் இன்றைய உயர்தர உணவகங்களின் அடித்தளம். சீமையிலிருந்து வந்த தகர டப்பா உணவை விருந்தில் வைத்துப் பெருமை கொள்வதையும் அவர் கண்டித்தார். அந்நூலில் சென்னைச் சமையற்காரருக்கு ராமசாமி என்ற ஒரே பொதுப்பெயர்தான். திறமையைப் புகழும் இடத்திலும் குறை கூறும் இடத்திலும் அவர் ராமசாமியே. தனி மனிதராக ஒருவரும் இல்லை.

மலைத்தோட்டத்துக்கு இந்த இலட்சியம் எளிதில் கைகூடவில்லை. மதுரைக்கு 1875இல் ரயில் வந்தபின், இன்று கொடைரோடு எனப்படும் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கிய பன்றியிறைச்சி டப்பாவும், பாலாடைக்கட்டியும், சாராயப் புட்டியும் மாட்டு வண்டியில் பல நாள் உருண்டு போடி வந்து, அங்கிருந்து மலையேற வேண்டியிருந்தது. கோழியும் முட்டையும் கூடையில் ஏறின. ஆடு தன் காலாலேயே ஏறிற்று. கோசும் காரட்டும் பங்களாத் தோட்டத்தில் விளைவிக்கப்பட்டன. உயர் மலைத்தொடரின் குளிர்ந்த ஓடைகளில் தோட்டக்காரர்கள் டிரவுட் என்னும் அயல்நாட்டு மீனைக் கொண்டுவந்து விட்டு வளர்த்ததற்கு, தூண்டில் பொழுதுபோக்கோடு, சூப்புக்கு அடுத்த இடத்தில் மீன் இருந்தாக வேண்டும் என்ற மேசை முறையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். அந்தச் சூப்போ, பல வேளைகளில், தமிழ் வீட்டு மிளகுத்தண்ணீர் கோட்டும் கழுத்துப்பட்டையும் அணிந்து வந்ததுதான். முல்லிகட்டானி என்று பெயர் மாறி, எலும்புச் சாறும் கறித்துண்டும் சேர்ந்து, அது துரைமார் மேசையின் முதல் பதார்த்தமாயிற்று.

மூணாற்றில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவான ஹை ரேஞ்ச் கிளப், சிதறிக் கிடந்த தோட்டக்காரர்களுக்குப் பொது மேசையை அளித்தது. நெடுங்காலம் பணியாற்றிய தோட்டக்காரர்களின் தொப்பிகள் சுவரில் மாட்டப்பட்டிருக்கும் அதன் மதுக்கூடம் இன்றும் பார்வையாளர்க்குக் காட்டப்படுகிறது. அந்தச் சுவரில் பட்லரின் தலைப்பாகை எதுவும் தொங்கவில்லை. கிளப் என்ற அதே சொல் அடிவாரத்துக்கு இறங்கி வேறொரு பிறவி எடுத்தது: தமிழ்நாட்டு ஊர்களில் காப்பி கிளப் என்றால் பெஞ்சு போட்டு இட்டலியும் காப்பியும் விற்கும் கடை. மேலே உறுப்பினர் அல்லாதாரை வாசலில் நிறுத்துவதற்கு ஏற்பட்ட சொல், கீழே காலணா வைத்திருந்த வழிப்போக்கரை உள்ளே அழைக்கும் பலகையாயிற்று. ஆனால் அந்தக் கீழ்க் கிளப்புகளிலும் சாதி பார்த்து இடம் ஒதுக்கிய கடைகள் பல இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அரசு அலுவலர்கள் தங்கிய முசாபரி பங்களாவில், அதாவது பயணியர் விடுதியில், காவலாளியே அவசரத்துக்குக் கோழி அடித்துக் குழம்பு வைப்பார். அந்தக் கோழிக் குழம்பின் புகழ் தனி.

போடியின் வரலாற்றில் மலைக்கும் அடிவாரத்துக்கும் இடையே நடந்த போக்குவரத்தின் மிகத் துணிச்சலான கட்டம் ஊருக்கு மேலே குரங்கணிச் சரிவில் அமைந்தது. மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன்வரை 1902இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டு, 1908இல் அது இரண்டடி அகலச் சிறு ரயில்பாதையாக மாற்றப்பட்டது. மலை விளிம்பாகிய டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடிப் பக்கத்துப் பாட்டம் ஸ்டேஷன்வரை கம்பி வடத்தில் சுமை இறக்கும் ரோப்வே இயங்கிற்று. அங்கிருந்து போடிக்கு மாட்டு வண்டி. தேயிலைப் பெட்டி அந்தரத்தில் தொங்கியபடி இறங்க, மறுபக்கம் அரிசி மூட்டை ஏறிற்று. துரையின் இரவு விருந்துக்கு வேண்டிய சாமானும் தொழிலாளரின் வரிசை வீடுகளாகிய லயங்களுக்கு வேண்டிய படி அரிசியும் ஒரே வடத்தில் தொங்கிச் சென்ற காலம் அது. கொல்லம் ஆண்டு 1099இல் நேர்ந்ததால் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று மலையாளிகள் நினைவுகூரும் 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் சிறு ரயில்பாதையை அடித்துச் சென்றது. அது மீண்டும் போடப்படவில்லை. நான்காண்டு கழித்து, 1928இல், மதுரையிலிருந்து போடிக்கே ரயில் வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தண்டவாளம் பெயர்க்கப்பட்டு, பின்னர் மீண்டும் போடப்பட்டு, அகலப்பாதைப் பணிக்காக 2010இன் இறுதியில் நின்று, 2023இல் திரும்ப ஓடத் தொடங்கிய அப்பாதையின் கதை தனி நூலுக்குரியது.

இவ்வளவு விருந்து நடந்த மலையின் சொந்த மணப்பொருளாகிய ஏலம் அந்த மேசையில் பெற்ற இடம் மிகச் சிறியது என்பது வியப்புக்குரியது. ஆங்கிலேயப் புட்டிங்கு வனிலாவையும் எலுமிச்சைத் தோலையும் ஜாதிக்காயையும் நாடிற்று. ஏலக்காய் அரபு நாட்டுக் காப்பிக்கும், சுவீடன், பின்லாந்து ரொட்டிக்கும், தமிழ்நாட்டுப் பாயசத்துக்கும் போயிற்று. திருவிதாங்கூரில் அது 1896வரை அரசின் தனியுரிமைச் சரக்கு. விளைவித்தவர் அரசிடமே ஒப்படைக்க வேண்டும், ஆலப்புழைக் கிடங்கு வழியாகவே அது உலகச் சந்தைக்குச் செல்ல வேண்டும். தனியுரிமை நீங்கி நிலவரி முறை வந்தபின், கம்பம், போடிப் பக்கத்துத் தமிழர்கள் மலையில் ஏலத்தோட்டம் போடுவது பெருகி, சரக்கு கிழக்கே இறங்கிப் போடியை ஏலக்காய் நகரமாக்கிற்று. ஏலம் என்ற மணப்பொருளின் பெயர் மிகப் பழையது. கூவி விற்கும் ஏலமோ போர்த்துகீசிய லெய்லானிலிருந்து வந்த விருந்தாளிச் சொல். இரண்டு ஏலமும் போடியில் ஒரே கூடத்தில் சந்திக்கின்றன. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இப்போது போடியிலும் மலைக்கு அப்பால் புற்றடியிலும் நடக்கிறது. 2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ ஒன்றுக்கு 7,000 ரூபாய்வரை போனதைத் தோட்டக்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

ஏலத்தோட்டத்தின் சமையல் பங்களாச் சமையலுக்கு எதிர்முனை. பறித்த பச்சைக்காயை உலர்த்தும் கட்டடத்தைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பர். அடியில் விறகு எரியும் அடுப்பு, அதிலிருந்து அறைக்குள் ஓடும் தகரக் குழாய், மேலே அடுக்கடுக்காகக் கம்பி வலைத் தட்டுகள். சூடு ஏறக்குறைய 50 டிகிரியில் நிற்க வேண்டும். கூடினால் காய் வெடிக்கும், பச்சை நிறம் வெளுக்கும், குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். நாலைந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால்தான் ஒரு கிலோ சரக்கு. ஆகவே இரவு முழுதும் ஒருவர் விழித்திருந்து விறகு தள்ள வேண்டும். அவருடைய உலையும் அதன் பக்கத்திலேயே கொதிக்கும்: கஞ்சி, சுட்ட கருவாடு, தேங்காய்த் துவையல். உலகின் விலையுயர்ந்த மணங்களில் ஒன்று சுவர் முழுதும் ஊறிய அந்த அறையில், கருவாட்டு வாடையும் சேர்ந்து நிற்பதே ஸ்டோரின் இயல்பான மணம்.

மாநிலங்கள் 1956இல் மொழிவழி பிரிந்தபோது, தமிழர் மிகுதியாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. மேசை ஒரு மாநிலத்திலும் குதிர் இன்னொன்றிலுமாக எல்லைக்கோடு விழுந்தது. அதன்பின் உயர்தர உணவகம் வளர்ந்தது பெரும்பாலும் மேசையிருந்த பக்கத்தில்தான். பொறியாளர் பென்னிகுயிக் கட்டி 1895இல் திறக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர்ப்பரப்பில், இடப்பாளையத்தில் திருவிதாங்கூர் அரசருக்கு எழுந்த கோடை மாளிகை, இன்று கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் லேக் பேலஸ் விடுதி. படகில் சென்று, யானை நீர் குடிக்கும் கரையைப் பார்த்தபடி உண்ணலாம். பார்வைக்கு ஏரியாக நிற்கும் அந்நீர் குகைப்பாதை வழியாகக் கிழக்கே இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லாகவும் திராட்சையாகவும் மாறுகிறது; அதில் ஒரு கிளையாகிய பதினெட்டாம் கால்வாய் பள்ளத்தாக்கின் மேற்கு ஓரமாகத் தேவாரம், போடிப் பக்கத்துக் கண்மாய்களை நோக்கி வருகிறது.

குமுளியில் மன்னான் பழங்குடியினரின் குடிசையை ஒத்த புல்வேய்ந்த வீடுகளோடு அமைந்த ஸ்பைஸ் வில்லேஜ் விடுதி, பின்னாளில் தன் உணவகத்துக்கு 50 மைல் உணவகம் என்று பெயரிட்டது: சமையலுக்கு வேண்டியவற்றை ஐம்பது மைல், அதாவது சுமார் 80 கிலோமீட்டர் வட்டத்துக்குள்ளிருந்தே பெறுவது என்பது அதன் கொள்கை. தொலைதூரச் சரக்கைத் தவிர்க்கும் இக்கொள்கை உலகெங்கும் நாட்டுப்புற உணவகங்களின் பெருமையாகிவிட்டது. கென்னி ஹெர்பர்ட் உயிரோடிருந்தால் மகிழ்ந்திருப்பார். குமுளியை நடுவாக வைத்து வரைபடத்தில் அவ்வட்டத்தைச் சுழற்றினால் கம்பமும் தேவாரமும் ராசிங்காபுரமும் போடியும் அதற்குள் விழுகின்றன. பொதிமாட்டுக் காலத்தில் வேறு வழியின்றிப் பின்பற்றப்பட்ட அதே எல்லைதான் இப்போது உணவுப்பட்டியலின் தலைப்பில், விலைக்கு நியாயம் சொல்லும் இடத்தில், அச்சாகிறது.

போடிமெட்டுக்கு ஏறும் சாலை பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்டது. விடியுமுன் அடிவார ஊர்களிலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் அவ்வழியில் வரிசையாகப் போகின்றன. மடியில் தூக்குச்சட்டி, அதில் மதியத்துக்கான சோறு. அதே நேரத்தில் காய்கறி வண்டிகள் மேலேறுகின்றன. மாலையில் ஜீப்புகள் இறங்குகின்றன. இறங்கிய சரக்கு போடிக் கிட்டங்கிகளில் மறுபடியும் பெண்கள் கைக்கே வருகிறது. தரையில் உட்கார்ந்து, சொளகில் ஒரு கை காயைப் பரப்பி, நிறம் கெட்டதை ஒரு பக்கமும், வெடித்ததை ஒரு பக்கமும் விரல் நுனியால் ஒதுக்குவார்கள். சல்லடையில் நிற்கும் 8 மில்லிமீட்டர்க் காய் உயர்ந்த ரகமாகி மூட்டை ஏறும். வெடித்த காயிலிருந்து உதிரும் கருவிதையை ஏல அரிசி என்று தனியே அள்ளி வைப்பார்கள். அதற்கும் விலை உண்டு, குறைந்த விலை. அடிவாரத்து டீக்கடைகளுக்கும், ஊர்ப் பொங்கலுக்கும் கல்யாணப் பாயசத்துக்கும் வாங்கப்படுவது பெரும்பாலும் அந்த அரிசிதான்.